அப்பா இலையில் மூன்று துண்டுக் கறி

ஜெலுத்தோங், பினாங்கு
2.6.2025

அன்புள்ள தம்பி தயாளனுக்கு,

அக்கா லெட்சுமி எழுதுவது. நீயும் ஷர்மினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் மாமாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம். மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன வாரம் போனில் நீ பேசிய பேச்சுக்கு நான் கத்திய கத்தலில் ஒன்பதாவது மாடி முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நூர்ஜான் துடைப்பத்தோடு ஓடி வந்து, "என்னக்கா, திருடனா?" என்றாள். "இல்லம்மா, தம்பி" என்றேன். அன்றைக்கே உன் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டேன். தாளில் எழுதினால் தபால்தலை ஒட்டுவதற்குள் பாதிக் கோபம் அடங்கிவிடும் என்று உன் மாமா சொல்கிறார். அடங்காத பாதி இதோ.

அப்பா போன பிறகு ஆறு வருஷமாகத் தீபாவளிக்கு முதல் நாள் என் வீட்டில்தான் படையல். அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததை எல்லாம் பரிமாறி, ஒரு போத்தல் ஸ்டவுட் பீரும் திறந்து வைக்கிறேன். கும்பிட்ட பிறகு அந்த இலையில் மகன் என்று நீ உட்கார்ந்து சாப்பிடுகிறாய். ஒரு வருஷமாவது தவறினேனா?

நீ என்ன சொன்னாய்? "போன தீபாவளிக்கு அப்பா இலையில மூணே மூணு துண்டு கறிதான்க்கா இருந்துச்சு. சாமான் வெல ஏறிப் போச்சு, ஒன்னால முடியலன்னா சொல்லிடு. படத்த நான் ஜொகூருக்குக் கொண்டு போயிடறேன். இங்க நல்லா செய்வோம்."

படம் வராது. கடைசி நான்கு வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது இந்த வீடு. அவர் இங்கேதான் இருப்பார். எழுதியாயிற்று.

ஷர்மினியை விசாரித்ததாகச் சொல். உன்னை அல்ல.

அக்கா,
லெட்சுமி


ஸ்கூடாய், ஜொகூர்
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் மாமாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். மாமாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அக்கா, கோபப்படாமல் படி. விலை உனக்கு மட்டும் ஏறவில்லை. எல்லோருக்கும்தான் ஏறியிருக்கிறது. திட்டம் போட்டு வாங்கினால் சமாளிக்கலாம். வாரத்துக்கு ஒரு பட்டியல் எழுது. நான்கு கடையில் விலை கேள். மொத்தமாக வாங்கு. வீணாக்காதே. கம்பெனியில் இருபத்திரண்டு பேருக்கு மேலாளராக இருக்கிறேன், இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் வீட்டில் ஷர்மினி சாமானுக்கு எவ்வளவு செலவழிக்கிறாள் என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. ஒரு குறையும் இருந்ததில்லை.

அப்பாவுக்கு ஆட்டுக்கறி என்றால் உயிர். அவர் இலையில் மூன்று துண்டைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இரண்டாம் தரம் கேட்டேன், இல்லை என்றாய். அதைத்தான் சொன்னேன். படத்தைப் பற்றி நிதானமாக யோசி.

உன் தம்பி,
தயாளன்


ஜெலுத்தோங்
19.6.2025

மேலாளர் தயாளன் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். ஒத்தடம் கொடுத்தாயிற்று, வலி குறையவில்லை.

அப்பாவுக்கு ஆட்டுக்கறி உயிராம். பைராம் தோட்டத்தில் நாம் இருந்த காலத்தில் அவர் கறி தின்றது தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கருவாடும் மரவள்ளியும். அப்போதெல்லாம் அவர் உயிர் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சின்னப் பையன், உனக்குத் தெரிந்திருக்காது.

திட்டம் என்றாயே, ஒரு பந்தயம் வைப்போம். நாங்களும் நான்கு பேர், நீங்களும் நான்கு பேர். என் வீட்டில் அரிசி, எண்ணெய், மீன், காய், பால்மாவு, சவர்க்காரம் எல்லாம் சேர்த்து மாதம் எழுநூறு வெள்ளி செலவு. ஜூலை மாதம் முழுக்க உன் வீட்டுச் சாமானை நீயே வாங்கு. ஷர்மினி சமைக்கட்டும், பாசாருக்கு அவள் வரக் கூடாது. வெளியில் யாரும் சாப்பிடக் கூடாது. எழுநூறுக்குள் முடித்துக் காட்டினால் அப்பாவின் படம் உனக்கு. முடியாவிட்டால் படத்தைப் பற்றி ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது.

சரியென்றால் எழுது. பிள்ளைகளுக்கு என் அன்பு.

லெட்சுமி


ஸ்கூடாய்
26.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பந்தயம் சரி. மிச்சம் பிடித்து உனக்குத் தீபாவளிச் சேலை எடுத்து வருகிறேன். அப்பா படத்துக்கு இங்கே சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது. ஷர்மினி ஏனோ சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

தயாளன்


ஸ்கூடாய்
10.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? மாமா எப்படி இருக்கிறார்?

பத்து நாளில் முந்நூற்று நாற்பது போய்விட்டது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சிலது புரியவில்லை. தேங்காய் எப்போது இந்த விலைக்கு வந்தது? கெம்போங் மீன் ஏழைகளின் மீன் என்று நாம் கேலி செய்வோமே, அதை ஒரு கிலோ நிறுத்துவிட்டு மீன்காரர் சொன்ன விலையைக் கேட்டு, "அண்ணே, நான் ஒரு கிலோதான் கேட்டேன்" என்றேன். "ஒரு கிலோவுக்குத்தாங்க சொல்றேன்" என்றார். பின்னால் நின்ற அம்மாள் சிரித்தாள்.

உள்ளூர் அரிசி மூட்டை மூன்று கடையில் இல்லை. மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் காலை ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டதாம். எட்டரை மணிக்கு எனக்கு மீட்டிங். வேலைக்குப் போகிறவன் இதை எப்படி வாங்குவது?

நீ எப்படித்தான் சமாளிக்கிறாய்? பந்தயத்துக்காகக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தயாளன்


ஜெலுத்தோங்
18.7.2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை நூர்ஜானுக்கும் படித்துக் காட்டினேன். மீன்காரர் இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

எதிரி யோசனை கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். எண்ணெய்க்கு எங்கள் மாடியில் கொங்சி போட்டிருக்கிறோம். ஏழு வீடு கூட்டு. காலையில் யாருக்கு ஓய்வோ அவர்கள் வரிசையில் நிற்பார்கள், வெங்காயத்தையும் மூட்டையாக எடுத்துப் பங்கு போடுவோம். மீன் மதியத்துக்கு மேல் வாங்கு, ஆனால் கண்ணைப் பார்த்து வாங்கு. முட்டையை அவித்து நூலால் அறு. கத்தியால் அறுத்தால் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டு வீணாகும், நூலால் அறுத்தால் துளி சிதறாது.

முக்கியமானது, யாருக்கும் பயப்படாதே. போன வாரம் ஒரு கடையில் பருப்புப் பாக்கெட் கையில் லேசாக இருந்தது. மறுநாள் என் சமையலறைத் தராசைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கடை முதலாளியின் கல்லா முன்னாலேயே வைத்து நிறுத்தேன்.

"தவுக்கே, ஒரு கிலோன்னு போட்டிருக்கு. எண்ணூத்தி அம்பதுதான் காட்டுது."

"ஒங்க தராசு கோளாறுலா."

"அப்ப ஒங்க தராச கொண்டாங்கலா. ரெண்டையும் வச்சிப் பாப்போம்."

கொண்டு வரவில்லை. அலமாரியில் இருந்த அத்தனை பாக்கெட்டையும் நான் ஒவ்வொன்றாக நிறுத்தேன். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. ஒரு மலாய்க்கார அம்மாள் தன் பையில் இருந்த மாவையும் எடுத்துக் கொடுத்து இதையும் நிறுத்துப் பாருங்கள் என்றாள். கடைசியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு கை பருப்பு அள்ளிப் போட்டார்கள். ஐந்து வெள்ளிச் சாமானுக்கு இவ்வளவு ரகளையா என்று வீட்டில் கேட்டார்கள். ஐந்து வெள்ளிக்கு இல்லை, என்னை ஏமாற்ற முடியாது என்பதற்கு.

உன் மாமாவுக்கு இப்போது தொழிலாளர்களை ஏற்றிப் போகும் சாயங்கால வேன் ஓட்டம் கிடையாது. பாயான் பாரு தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். அதனால் வீட்டில் தேநீர்ச் செலவு கூடியிருக்கிறது.

நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்டாய். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்வேன். இதில் எழுத என்ன இருக்கிறது?

அக்கா,
லெட்சுமி


ஸ்கூடாய்
1.8.2025

அக்கா,

நலம். மொத்தம் அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று வெள்ளி. ரசீதுகள் எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வெளியில் யாரும் சாப்பிடவில்லை. ஜெயித்துவிட்டேன். படத்தைத் தயாராக வை.

தயாளன்


ஜெலுத்தோங்
9.8.2025

தம்பி தயாளனுக்கு,

யாவரும் நலம்.

ரசீதுகளை மூன்று முறை பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. சொன்ன சொல் சொல்தான். படத்தை ஆணியில் இருந்து கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பீரோ மேல் வைத்துவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. உன் மாமா அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிடுகிறார்.

இந்தத் தீபாவளிப் படையல் மட்டும் இங்கே. முடிந்ததும் எடுத்துக்கொண்டு போ. நான் அழ மாட்டேன், வாசல்வரை வந்து வழியனுப்புவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்து நாளில் முந்நூற்று நாற்பது செலவழித்தவன் மீதி இருபத்தோரு நாளை எப்படி ஓட்டினாய்? எனக்குத் தெரியாத வித்தை ஏதாவது இருந்தால் சொல், நானும் கற்றுக்கொள்கிறேன்.

லெட்சுமி


ஸ்கூடாய்
7.9.2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ஷர்மினி எழுதுகிறேன். உங்கள் சுகமும் அண்ணன் சுகமும் அறிய ஆவல். இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களுக்குப் பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தார். நான்கையும் கிழித்துவிட்டார். ஒரு மாதமாக உங்கள் கேள்விக்குப் பதில் வராததற்கு அதுதான் காரணம்.

அவர் எப்படி ஜெயித்தார் என்று நான் சொல்கிறேன். ஜூலை இருபதாம் தேதிக்கு மேல் தினமும் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். தட்டு வைத்தால், "நான் ஆபீஸ்லயே சாப்பிட்டேன், நீங்க சாப்பிடுங்க" என்பார். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வரும் களைப்பில் நானும் நம்பிவிட்டேன். ஒருநாள் குப்பை போடக் கீழே போனபோது, காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து ஆபீஸ் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டப்பாவை மறைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பந்தயம் என்றால் அவருக்கு வெறி என்று உங்களுக்குத் தெரியும்.

ஜெயித்ததைக் கொண்டாட ஆகஸ்டில் ஆட்டுக்கறி எடுக்கப் போனோம். கடையில் விலையைக் கேட்டார். பிறகு, உங்கள் வீட்டுப் படையல் கூட்டத்தை நினைத்து, "பதினோரு பேருக்கு எவ்வளவு வேணும்ண்ணே?" என்றார். இரண்டு கிலோ என்று கடைக்காரர் விலையைச் சொன்னார். இவர் கறி வாங்காமலே வெளியே வந்துவிட்டார். காரில் ஏறியதும் என்னைக் கேட்டார்.

"போன தீபாவளிக்கு அக்கா வீட்ல நீ கறி சாப்பிட்டியா?"

அண்ணி, மன்னித்துவிடுங்கள். அன்றைக்கு உங்கள் சமையலறையில் அந்தச் சின்னச் சட்டியை நான் பார்த்தேன். மூன்று துண்டுதான் இருந்தது. சொல்லாதே என்று நீங்கள் கண்ணைக் காட்டினீர்கள், நானும் பத்து மாதம் சொல்லாமல் இருந்தேன். காரில் என்னால் முடியவில்லை. "யாருமே சாப்பிடலங்க. அப்பா இலைக்கு மட்டும்தான் கறி. அத நீங்கதான் சாப்பிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, "அக்கா அன்னிக்கு என்னா சாப்பிட்டுச்சி?" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். "நான் அப்பவே சாப்பிட்டேன் தம்பின்னு சொன்னுச்சி" என்றார். போய்ப் படுத்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி.

அன்புடன்,
ஷர்மினி


ஜெலுத்தோங்
15.9.2025

அன்புள்ள தயாளனுக்கு,

சுகம்தானே? ஷர்மினி எழுதினாள். அவளைத் திட்டாதே.

நீ என்னைப் பார்த்துப் பாவப்படத் தேவையில்லை. கையேந்தி நிற்கிற வீடு இல்லை இது. அப்பாவுக்குக் கறி வைக்க வேண்டும் என்று தோன்றியது, முடிந்த மூன்று துண்டை வைத்தேன். அதை உன்னிடம் சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்தேன். நீயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டாய். பணம் கிணம் அனுப்பினால் அதே உறையில் திருப்பி அனுப்புவேன்.

பந்தயத்தில் நீ ஏமாற்றவில்லை. சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று நாம் எழுதவில்லையே. படம் உனக்குத்தான்.

ஆனால் இந்த வருஷப் படையல் என் இஷ்டப்படி. எனக்கு ஒரு விஷயத்தில் வெட்கமாக இருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன். விலைவாசியிடம் நான் தோற்கவில்லை என்று காட்டுவதற்காக அப்பா இலையில் ஒரு சாப்பாடு, நம் இலையில் ஒரு சாப்பாடு வைத்தேன். அவர் இருந்திருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருப்பார். இந்த வருஷம் நாங்கள் அன்றாடம் சாப்பிடுவதுதான் அவருக்கும். கெம்போங் மீன் குழம்பு, கங்கோங் கீரை, ரசம், அவித்த முட்டை. வந்து பார்க்கட்டும், அவர் மகள் குடும்பம் நடத்துகிற லட்சணத்தை.

நீ ஆட்டுக்கறி தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிற்பாய்.

அக்கா


ஸ்கூடாய்
4.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். பதினெட்டாம் தேதி ராத்திரி பஸ்ஸில் பிள்ளைகளோடு வருகிறேன். ஷர்மினிக்குத் தீபாவளி அன்றும் டியூட்டி. கறி கொண்டுவர மாட்டேன். ஆகஸ்டில் இருந்து இங்கே பாசாருக்கு நான்தான் போகிறேன். மீன்காரருக்கு இப்போது என் பெயர் தெரியும்.

கேட்க நிறைய இருக்கிறது. நேரில் கேட்கிறேன்.

உன் தம்பி,
தயாளன்


ஜெலுத்தோங்
22.10.2025

அன்புள்ள ஷர்மினிக்கு,

தீபாவளி அன்றும் நோயாளிகளைப் பார்த்த பிள்ளை, நீ நன்றாக இருக்க வேண்டும். பலகாரம் தயாளனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், வழியில் தின்றிருந்தால் எழுது. நடந்ததை அவன் ஒழுங்காகச் சொல்ல மாட்டான், அதனால் நானே எழுதுகிறேன்.

படையலுக்காகப் படத்தைப் பிரித்து நாற்காலியில் வைத்து மாலை போட்டேன். செய்தித்தாளை மறுபடியும் சுற்றுவதற்கு மடித்து வைத்திருந்தேன். அர்ஜுனன் சித்தப்பா குடும்பத்தோடு சேர்த்துப் பதினோரு பேர், ஆறு முட்டை. தயாளன் என் தையல் டப்பாவில் இருந்து நூல் எடுத்து ஒவ்வொன்றையும் பாதியாக அறுத்தான். ஒரு துளி சிதறவில்லை. பதினோரு பாதி எங்களுக்கு, ஒன்று அப்பா இலைக்கு. ஸ்டவுட்டை மட்டும் நிறுத்தவில்லை. அதை உன் அண்ணன் தன் காசில் வாங்கி வந்தார்.

கும்பிட்டு முடித்ததும் அர்ஜுனன் சித்தப்பா, "தயாளா, ஒக்காருப்பா, எலை காயுது" என்றார். இவன் உட்காரவில்லை.

"சித்தப்பா, அப்பாவுக்கு மூத்த புள்ள யாரு?"

"என்னடா கேள்வி இது? லெட்சுமிதான்."

"அப்ப அக்கா ஒக்காரட்டும்."

"பொம்பள புள்ள படையல் எலையிலயா? நம்ம வழக்கத்துல இல்லலா."

"ஆறு வருஷமா ஆக்கிப் போட்டது யாரு சித்தப்பா? நான் வந்து தின்னுட்டுப் போனேன். கறி பத்தலன்னு வேற கேட்டேன்" என்றான். உன் பிள்ளை ஹரீஷ் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பழக்க தோஷம், "இல்ல தம்பி, நான் அப்பவே..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். உன்னிடம் காரில் பிஸ்கட்டோடு மாட்டிக்கொண்டபோது இப்படித்தான் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். மீதியை என்னால் சொல்ல முடியவில்லை. காலையில் இருந்து ஒரு வாய் தேநீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சித்தப்பா மறுபடியும் வழக்கம் என்று தொடங்கினார். "வழக்கத்துக்குப் பசிக்காது சித்தப்பா, எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு அப்பா இலையில் உட்கார்ந்தேன்.

தயாளன் ரசம் ஊற்றினான். நான் போதும் என்று சொல்லும்வரை சோறு போட்டான், நான் சொல்லவே இல்லை. மீன் குழம்பு நன்றாகத்தான் வைத்திருக்கிறேன், இத்தனை வருஷமாகச் சூடாக நான் சாப்பிட்டதில்லை. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்ற சித்தப்பாவும் பக்கத்து இலையில் உட்கார்ந்து இன்னொரு அகப்பை குழம்பு கேட்டார்.

கை கழுவி வந்தபோது அப்பா பழைய ஆணியில் இருந்தார். மடித்து வைத்த செய்தித்தாளைத் தேடினேன். முறுக்கு எண்ணெய் வடிய ஹரீஷ் விரித்துவிட்டான். "ஜொகூர்ல அடிச்ச ஆணி?" என்று கேட்டேன். "காலண்டர் மாட்டிக்கிறேன்க்கா" என்றான் உன் வீட்டுக்காரன்.

விலை இறங்குமா என்று தெரியாது. நாளைக்கும் எண்ணெய்க்கு வரிசையில் நான்தான், தராசும் பையில்தான் இருக்கிறது. ஆனால் இனி இந்த வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தால்தான் சட்டி திறக்கும் என்று சொல்லிவிட்டேன். நீயும் அங்கே அப்படியே செய், அவன் தட்டைப் பார்த்துக்கொள்.

தபாலில் சேர்ப்பதற்கு முன் ஒன்றை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு எல்லோரும் பார்க்க, வயிறு நிறைய, நான் சாப்பிட்டேன் ஷர்மினி.

உன் அண்ணி,
லெட்சுமி